சனி மாலைத் திருப்பலி ஞாயிறு கடனுக்குச் சேரும்

கத்தோலிக்கர்கள் ஞாயிறுதோறும் திருப்பலியில் (பூசையில்) பங்கேற்பது கடமை; அதுதான் ஞாயிறு கடன். பேராலயத்தில் சனிக்கிழமை மாலை நடக்கும் திருப்பலி வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் தரப்படும் சலுகைதான், மற்றவர்கள் ஞாயிறன்று மறுபடி வர வேண்டும் என்று ஒரு பதிவு சொல்கிறது. பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியல்ல.

1983-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248-ஆம் சட்டம், முதல் பிரிவைப் பாருங்கள். கடன் திருநாளன்றோ (ஞாயிறு போல, திருப்பலியில் பங்கேற்பது கடமையான நாள்) அதற்கு முந்தைய நாள் மாலையிலோ, எங்கேயானாலும், கத்தோலிக்க வழிபாட்டு முறைப்படி நடக்கும் திருப்பலியில் பங்கேற்றால் கடன் நிறைவேறும். வயது, உடல்நிலை, காரணம் என எந்த நிபந்தனையும் அதில் கிடையாது. சொந்தப் பங்கில்தான் (தாம் சேர்ந்த ஆலயச் சமூகத்தில்தான்) பங்கேற்க வேண்டும் என்றும் இல்லை. திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துத் தரும் மறைக்கல்வி நூலின் 2180-ஆம் எண்ணும் இதையே சொல்கிறது. இரண்டும் வத்திக்கான் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; இரண்டு நிமிட வேலை.

குழப்பம் வருவது நேரத்தில்தான். சனி காலை அன்றாடத் திருப்பலியோ நண்பகல் திருமணத் திருப்பலியோ ஞாயிறு கடனுக்குச் சேராது. சட்டம் சொல்வது மாலை. மணிக்கணக்கை அது குறிப்பிடவில்லை. ஆகவே சந்தேகமான நேரமென்றால் பங்கு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். ஆலயத்திலேயே ஓர் அடையாளமும் உண்டு: வழக்கமான சனி மாலைத் திருப்பலியில் மறுநாள் ஞாயிறுக்குரிய வாசகங்களே படிக்கப்படும், மறையுரைக்கு (குருவின் பிரசங்கத்துக்கு) பின் நம்பிக்கை அறிக்கையும் (விசுவாசப் பிரமாணமும்) சொல்லப்படும். சாதாரண வார நாள் திருப்பலியில் அந்த அறிக்கை வராது.