என் தம்பிக்குப் பெண்ணும் பார்க்க வேண்டாம், எனக்குப் புத்தியும் சொல்ல வேண்டாம்

பெரியப்பாவின் எண்பதாம் கல்யாணத்தில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு இன்பாக்ஸில் கேட்கிறீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்லத் தெம்பில்லை, அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். பந்தியில் என் தம்பி இலையைத் தள்ளிவிட்டு எழுந்து கத்துகிறான், நான் தள்ளி நிற்கிறேன். "அக்காக்காரி கல்லு மாதிரி நிக்குறா பாரு" என்று ஒரு குரல் கேட்கிறது. அதற்குச் சற்று முன்னால், "இந்த வயசுலயும் அக்கா காசுலதான் சோறா?" என்று ஒருவர் அவன் காதுபடக் கேட்டார். அது வீடியோவில் இல்லை. அவன் வாசலுக்குப் போனதும் அவன் கண்ணில் படுகிற தூரத்தில் நான் போய் நின்றேன், அவன் அடங்கியதும் எதிர்க்கடையில் இருவரும் டீ குடித்தோம். அதுவும் இல்லை.

அவனுக்கு இருப்பது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு, உணர்ச்சிகள் கட்டுக்கு மீறிப் பொங்கும் ஒரு மனநோய். ஒளித்தது போதும். யாராவது தன்னை விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் அவனுக்கு எந்நேரமும் உண்டு. சாயங்காலம், "அக்கா, நீதான் என் சாமி" என்று மெசேஜ் வரும். மகளின் பள்ளிக்கூட மீட்டிங்கில் இருந்து நான் போனை எடுக்காமல் போனால், அன்று ராத்திரியே "நீ எனக்கு அக்காவே இல்ல, செத்தாலும் வராதே" என்று வரும். இரண்டையும் அவன் மனசாரத்தான் சொல்கிறான். அவன் நடிக்கவில்லை, கொழுப்பெடுத்தும் ஆடவில்லை.

ஆனால் அந்த ராத்திரி மெசேஜுக்கெல்லாம் நான் ஓடக் கூடாது. இதைத்தான் உங்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. அவன் கத்தினால், "நீ கத்துற, நான் போனை வைக்கிறேன். காலையில எட்டு மணிக்கு நானே கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு வைப்பேன். எட்டு மணிக்குக் கண்டிப்பாகக் கூப்பிடுவேன். குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தாலும் கூப்பிடுவேன். போனை வைப்பதுதான் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. எட்டு மணிக்குக் கூப்பிடுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. செத்துவிடுவேன் என்று அவன் சொன்னால் மட்டும் கணக்கே வேறு, உடனே கிளம்பிவிடுவேன். மற்றபடி கத்தினால் பணம் கிடையாது, என் பிள்ளைகள் முன்னால் கெட்ட வார்த்தை கிடையாது. இந்த எல்லைகளைப் போட்ட பிறகுதான் எங்களுக்குள் பேச்சுவார்த்தையே மிஞ்சியிருக்கிறது.

"கூடப்பிறந்தவன்தானேம்மா, விட்டுக்கொடுத்துப் போ" என்கிறார் மாமா. மாமா, நாங்கள் வருஷக்கணக்காக விட்டுக்கொடுத்துப் பார்த்த குடும்பம். அம்மா வளையலை விட்டுக்கொடுத்தாள், அப்பா பென்ஷன் பணத்தை விட்டுக்கொடுத்தார். அதனால் அவன் பயம் ஒரு துளி குறையவில்லை. கத்தினால்தான் மனிதர்கள் தங்குவார்கள் என்று மட்டும் கற்றுக்கொண்டான்.

அடுத்த யோசனை, கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்பது. வீடியோ வந்த மறுநாளே வாட்ஸப்பில் ஒரு ஜாதகம் வருகிறது! உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளையை, விஷயத்தை மறைத்து, கட்டிவைப்பீர்களா? அவனுக்குக் கல்யாணமே ஆகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவன் தேறி, எல்லாவற்றையும் சொல்லி, ஒருத்தி சம்மதித்தால் முதல் ஆளாக நான் மேடையில் நிற்பேன். யாரோ பெற்ற பெண்ணை மருந்தாக அனுப்பச் சம்மதிக்க மாட்டேன். பெண் வீட்டார் என்னிடம் கேட்டால் உள்ளதைச் சொல்வேன்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது, நாலு அறை விட்டா சரியாயிருக்கும்" என்பவர்களுக்கு: அறையும் விழுந்தது, அப்பா கையாலேயே. இந்த நோய் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் 1980லேயே ஏறிவிட்டது. இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை, பேச்சு சிகிச்சைதான் முக்கியம். அதில், பொங்கும் உணர்ச்சிகளைக் கையாளக் கற்றுத் தரும் டிபிடி என்ற முறையை உருவாக்கிய மார்ஷா லினஹன், சிறு வயதில் தானே மனநல மருத்துவமனையில் கிடந்தவர் என்று 2011ல் வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்காவில் மெக்லீன் மருத்துவமனையில் இந்த நோய்க்காகச் சேர்ந்தவர்களைப் பத்து வருஷத்துக்கும் மேலாகப் பின்தொடர்ந்து பார்த்ததில் பெரும்பாலானோருக்கு அறிகுறிகள் தணிந்தன. வேலையில் நிலைப்பதும் உறவுகளைத் தக்கவைப்பதும்தான் அவ்வளவு சுலபத்தில் வருவதில்லை. தம்பியும் வாராவாரம் பஸ் பிடித்து சிகிச்சைக்குப் போகிறான். அந்த வீடியோ அவன் கைக்கும் வந்தது. இந்த வாரம் அவன் போகவில்லை.

"நீ தள்ளி இருந்துக்குற, பாரமெல்லாம் அம்மா தலையிலதானே" என்று சித்தி கேட்டார். உண்மைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை சித்தி. ஆனால் அந்தப் பாரத்தில் நீங்கள் எதைத் தூக்கினீர்கள் என்று நானும் கேட்கலாம் இல்லையா?

குடும்ப விஷயத்தை முகநூலில் போடலாமா என்று கேட்பீர்கள். வீடியோ எடுத்து அனுப்பியபோது அது குடும்ப விஷயமாகத் தெரியவில்லையா? இந்தப் பதிவைத் தம்பியிடம் படித்துக் காட்டினேன். இரண்டு வரியை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன்.

ஒரு ராத்திரி அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. எதற்கு என்று விளக்கமாகச் சொல்ல மாட்டேன். "போலீஸ் கேஸாகிடும், வீட்டிலேயே வச்சுப் பாரு" என்றார்கள் உறவினர்கள். 2017ல் வந்த மனநலச் சட்டத்தின்படி, உயிரை விடத் துணிந்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது. அது தெரியாமல் இன்னும் எத்தனை வீடுகளில் பிள்ளைகளை உள்ளே பூட்டி வைத்துப் பார்க்கிறார்களோ! தெரிந்துகொள்ளுங்கள்: 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கண்ணெதிரே ஆபத்து என்றால் யோசிக்காமல் 108.

அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னோடு உட்கார உறவில் ஒருவர் வரவில்லை. பந்தியில் அவனைப் படம் பிடிக்க மட்டும் அத்தனை கைகள். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அவள் காலத்துக்குப் பிறகு அவனுக்கு நான் ஒருத்திதான். எனக்கு முடியாமல் போனால் யார்? ராத்திரி தூக்கம் வராமல் புரளும்போது எனக்கு அந்தக் கவலைதான். நீங்கள் எனக்கு விட்டுக்கொடுக்கக் கற்றுத் தருகிறீர்கள்.

அவன்மேல் நிஜமாகவே அக்கறை இருக்கிறவர்கள் பகலில் அவனுக்கு போன் செய்யுங்கள். கிரிக்கெட் பேசுங்கள், நன்றாகப் பேசுவான். வேலை, கல்யாணம் இரண்டையும் எடுக்காதீர்கள். கோபப்பட்டால், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டு போனை வையுங்கள், சொன்னபடி மறுபடி கூப்பிடுங்கள். அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். சித்தப்பா, நீங்களும்தான். குடும்ப குரூப்பில் அது இன்னும் கிடக்கிறது.