32 கேபி பிளாக் தேவையா?
ஆரக்கிள் டேட்டாபேஸில் இண்டெக்ஸ்களை (தரவைச் சட்டெனத் தேட உதவுபவை) வழக்கமான 8 கேபி பிளாக்கிலிருந்து (பிளாக் என்பது ஒரே தடவையில் படித்து எழுதும் அலகு) 32 கேபி பிளாக்குக்கு மாற்றினாலே குவெரி வேகமெடுக்கும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மாற்றும்போது இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்படுகிறது, நடுநடுவே கிடந்த காலி இடமெல்லாம் ஒழிந்து சுருங்கிவிடுகிறது. வேகம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. 8 கேபியிலேயே ரீபில்ட் செய்து ஒப்பிட்டுக் காட்டியிருந்தால் நம்பியிருப்பேன். சென்னை ஓஎம்ஆரில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் முன்பிருந்த கன்சல்டன்ட் இப்படித்தான் மாற்றிவைத்துவிட்டுப் போயிருந்தார். ஆரக்கிளில் வேறு அளவு பிளாக்குக்குத் தனி கேஷ் (படித்த பிளாக்குகளை வைத்திருக்கும் மெமரி) ஒதுக்க வேண்டும், தேவைக்கேற்ப அது தானாகக் கூடிக் குறையாது. மாதக் கடைசியில் பில்லிங் ஓடும்போது 8 கேபி கேஷ் மூச்சுத் திணறும், பக்கத்திலேயே 32 கேபி கேஷ் சும்மா கிடக்கும். ஒரே பிளாக்கில் அத்தனை என்ட்ரிகள் அடைந்து கிடப்பதால், பலர் ஒரே நேரத்தில் இன்சர்ட் செய்யும்போது பஃபர் பிசி வெயிட் (ஒரே பிளாக்குக்காக ஒருவருக்கொருவர் காத்திருப்பது) வேறு. மேலே கமெண்டில் ஒருவர் ‘அப்புறம் எதற்கு இந்த வசதி?’ என்று கேட்டிருக்கிறார். 2001-இல் ஆரக்கிள் 9-ஆம் பதிப்பில், ஒரே டேட்டாபேஸில் பல அளவு பிளாக் வைத்துக்கொள்ளும் இந்த வசதி வந்ததே முக்கியமாக, வேறு பிளாக் அளவுள்ள டேட்டாபேஸிலிருந்து டேபிள்ஸ்பேஸை (டேபிள்களும் இண்டெக்ஸ்களும் இருக்கும் சேமிப்புப் பகுதியை) அப்படியே எடுத்துவந்து செருகத்தான். ஒரு டேபிளில் 8 கேபிக்குள் அடங்காத நீளமான ரோக்கள் நிறைய இருந்தால் சரி, அதை மாற்றிப் பார்க்கலாம்.