கோடு இறங்கியதே புண்ணியமா?

அந்த வரைபடத்தை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நேற்று மட்டும் ஆறு பேர் எனக்கு அனுப்பினார்கள். லக்சம்பர்க்கின் தொழிற்துறைக் கரியமில வாயு 1990-இலிருந்து சரிந்துகொண்டே வருகிறது, ஐஸ்லாந்தினுடையது ஏறிக்கொண்டே போகிறது. மேலே ‘நல்ல பிள்ளையும் போலிப் பசுமையும்’ என்று ஒரு தலைப்பு. கோடு ஏன் இறங்கியது என்று அதன் கீழ் ஒரே வரியில் கேட்டேன். ‘அலுமினியக் கம்பெனி ஆள் வேறென்ன பேசுவார்’ என்று பதில் வந்தது. அதற்கு நூறு சிரிப்புக்குறிகள். மகிழ்ச்சி. கேள்விக்குத்தான் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நானே சொல்லிவிடுகிறேன். லக்சம்பர்க் நூறாண்டுக்கு மேலாக இரும்பால் வாழ்ந்த நாடு. 1970 வாக்கில் தலைக்கு ஏறத்தாழ 40 டன் கரியமில வாயுவை உமிழ்ந்து, உலகப் பட்டியலின் உச்சியில் இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. 1990-களில் அங்கே இரும்புத்தாதுவைக் கரியால் உருக்கும் ஊதுலைகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் மின்வில் உலைகளுக்கு மாறினார்கள். அங்குள்ள பெல்வால் இரும்பாலையில் கடைசி ஊதுலை 1997-இல் அணைந்தது. அந்தப் பத்தாண்டில் நாட்டின் மொத்த உமிழ்வே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நல்ல மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் புதிய உலைக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது, அதன் புகை அண்டை நாட்டுக் கணக்கில் ஏறுகிறது. பெல்வாலின் ஊதுலைகளில் ஒன்றைக் கழற்றிச் சீனாவின் குன்மிங் நகருக்கு விற்றார்கள் என்பதாவது அந்தத் தலைப்பை எழுதியவருக்குத் தெரியுமா? உலை கப்பலேறிப் போனால் இங்கே கோடு இறங்கத்தான் செய்யும். அதற்குப் பெயர் நல்ல பிள்ளையா?

ஐஸ்லாந்தின் கதை நேர் எதிர். ஸ்ட்ராம்ஸ்விக்கில் 1969-இல் முதல் அலுமினிய ஆலை, 1998-இல் இரண்டாவது, 2007-இல் கிழக்குக் கடற்கரையில் மூன்றாவது. 1990-இல் ஆண்டுக்கு 1 லட்சம் டன்னை எட்டாத உற்பத்தி, 2010-களில் 8 லட்சத்தைத் தாண்டியது. மின்சாரம் முழுக்க ஆற்றுநீரும் பூமிவெப்பமும்தான், பிறகு எப்படிக் கரியமில வாயு என்று நக்கலாகக் கேட்டிருக்கிறார்கள். அந்த வாயு மின்சாரத்திலிருந்து வரவில்லை, ஆனோடிலிருந்து வருகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பதினோரு ஆண்டுகள் ஓர் அலுமினிய ஆலையின் பாட்ரூமில், அதாவது உலைக்கூடத்தில், நின்றவன் நான். 950 டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்பில் இறக்கிய கரிக்கட்டைதான் ஆனோடு. அலுமினியத்தின் மூலப்பொடியான அலுமினாவில் இருக்கும் ஆக்சிஜன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கரியமில வாயுவாக வெளியேறும். ஆளுயரத்தில் பாதி இருக்கும் கட்டை நான்கு வாரத்தில் ஒரு சாண் துண்டாகிவிடும். சிவந்து கனலும் அந்தத் துண்டை வெளியே எடுத்துப் புதுக்கட்டையை இறக்குவதுதான் என் ஷிப்டு வேலை. இடது முழங்கைக்குக் கீழே இருக்கும் தழும்பு அப்படி ஒரு துண்டு கொடுத்தது. மருத்துவச் செலவைக் கேட்டபோது ‘கையுறை போட்டிருக்க வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்த நிர்வாகத்தின் ஆள் நான் என்றால், சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டன் அலுமினியத்துக்கு ஆனோடு எரிவதால் மட்டும் சுமார் ஒன்றரை டன் கரியமில வாயு வரும். எந்த நாட்டில் உருக்கினாலும் இன்றைய முறையில் இதைத் தவிர்க்க முடியாது. அதே ஒரு டன்னை நிலக்கரி மின்சாரத்தில் உருக்கினால் இதற்கு மேல் இன்னும் பத்து டன்னுக்கும் அதிகமாக வரும். அந்தப் பத்து டன் அந்த வரைபடத்தில் எங்கே இருக்கிறது?

‘கியோட்டோ பருவநிலை ஒப்பந்தத்தில் ஐஸ்லாந்து சலுகை வாங்கியதே’ என்பார்கள். வாங்கியது. 1990-இன் அளவிலிருந்து லக்சம்பர்க் 28 சதவீதம் குறைக்க ஒப்புக்கொண்டபோது ஐஸ்லாந்து 10 சதவீதம் கூட்டிக்கொள்ள அனுமதி பெற்றது. அது போதாதென்று 2001-இல் மராகேஷ் பருவநிலை மாநாட்டில், புதிய ஆலைகளின் உமிழ்வில் ஆண்டுக்கு 16 லட்சம் டன் வரை கணக்கில் சேர்க்காமல் விடவும் வழி செய்துகொண்டது. எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் வீடுகளை எண்ணெயிலிருந்து பூமிவெப்பத்துக்கு மாற்றும் வேலையை 1990-க்கு முன்பே பெரும்பாலும் முடித்துவிட்ட நாட்டுக்கு, 1990-ஐ அடிப்படை ஆண்டாக வைத்தால் அந்த உழைப்புக்கு மதிப்பெண்ணே கிடையாது என்பதை யார் பேசுகிறார்கள்? ‘ஆலைக்கு மின்சாரம் தரும் அணைக்காக மேட்டுநிலத்தை மூழ்கடித்தார்களே’ என்பது வேறு வழக்கு. அதில் நான் உங்கள் பக்கம்தான்.

‘அப்படியானால் யாரையுமே ஒப்பிடக் கூடாதா’ என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாக ஒப்பிடுங்கள் ஐயா. எந்த ஆண்டில் தொடங்குகிறீர்கள், எந்த ஆலை மூடியது, எது திறந்தது என்பதையும் கோட்டின் பக்கத்திலேயே எழுதிவிட்டு ஒப்பிடுங்கள். நான் கேட்டது அவ்வளவுதான். அதைக் கேட்டதற்குத்தான் கம்பெனி ஆள் என்கிறீர்கள். அந்தப் புகையை மூக்கால் அளந்தவன், மடிக்கணினியில் அளந்தவரிடம் பாடம் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த மடிக்கணினியின் வெள்ளி நிற மூடியும் ஏதோ ஒரு பாட்ரூமில் கரியைத் தின்று வந்ததாகவே இருக்கும்.

அந்தக் கோடுகளை 1960-இலிருந்து வரைந்து, பெல்வாலுக்கு நேராக 1997 என்றும் ஸ்ட்ராம்ஸ்விக்குக்கு நேராக 1969 என்றும் குறித்து, அதே தலைப்போடு மறுபடி போடுங்கள். நூற்றோராவது சிரிப்புக்குறியை நானே போடுகிறேன்.