பிஜி என்றால் எல்லா வயதுக்கும் என்று அர்த்தமில்லை
"கோரலைன் பிஜி (PG) சான்றிதழ் வாங்கிய கார்ட்டூன் படம்தானே, 4 வயதுக் குழந்தைக்கும் தாராளமாகக் காட்டலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அமெரிக்கத் திரைப்படச் சான்றிதழ் முறையில் எல்லா வயதுக்குமானது ஜி (G). பிஜி என்றால் சில காட்சிகள் குழந்தைகளுக்கு ஒத்துவராமல் போகலாம், பெற்றோர் பார்த்து முடிவெடுங்கள் என்று அர்த்தம். பிரிட்டனில் பிஜிக்கு அளவுகோலே சுமார் 8 வயதுக் குழந்தைதான்.

2009இல் வந்த இந்தப் படத்தில் ரத்தக்களரி கிடையாது, சரி. ஆனால் கோரலைன் என்ற சிறுமி போகும் மாய உலகத்தில், அவள் அம்மா மாதிரியே இருந்து ஆசையாகச் சமைத்துப் போடும் 'இன்னொரு அம்மா', கண் இருக்கும் இடத்தில் தைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பெட்டியில் கறுப்புப் பொத்தானும் ஊசி நூலும் தருகிறாள். கடைசியில் சிலந்தி மாதிரி உருமாறித் துரத்துகிறாள். அம்மா முகத்திலேயே வரும் இந்தப் பயம்தான் சின்னக் குழந்தையை ராத்திரி தூங்கவிடாது, எந்தப் பேயையும் விட. முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். அப்புறம் பிள்ளைக்குக் காட்டுவதா என்று யோசியுங்கள்.