சிவதாஸ் செத்த பிறகு ‘ஜகமே தந்திரத்தில்’ என்ன இருக்கிறது?

கார்த்திக் சுப்புராஜின் ‘ஜகமே தந்திரம்’ 2021 ஜூனில் நெட்பிளிக்ஸில் வந்தபோது, வன்னியில் என்னைப் போன்றவர்கள் அதைப் பார்க்க உட்கார்ந்ததற்குத் தனுஷ் மட்டும் காரணமல்ல. அகதிகளின் கதையைத் தாதா படமாக எடுத்திருக்கிறார்கள் என்ற ஆவல்தான். அண்மையில் மறுபடியும் பார்த்தேன். எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

கரு என்னவோ அருமையானது. லண்டனில் பீட்டர் என்ற வெள்ளை இனவெறித் தாதா. அவனுக்கு எதிரே சிவதாஸ். கடத்தல் பணத்தில் அகதிகளைக் கரையேற்றுகிறவன். அவனை ஒழிக்க மதுரையிலிருந்து சுருளி என்ற அடியாளைக் கூலிக்குக் கூட்டி வருகிறான் பீட்டர். சுருளியும் சிவதாஸோடு கூட இருந்தே அவனைக் காட்டிக்கொடுக்கிறான்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? காட்டிக்கொடுத்தவனோடு ஒரே ஒழுங்கையில் எப்படி வாழ்வது என்பது இங்கே பல வீடுகளில் இன்னும் வாய்விட்டுப் பேசப்படாத விஷயம். படமோ அதைச் சட்டென்று முடித்துவிடுகிறது. சுருளி காதலிக்கும் ஈழப் பெண்ணாக வரும் ஐஸ்வர்யா லட்சுமி தன் போர்க்காலக் கதையைச் சொல்கிறார், சுருளிக்கு ஞானம் பிறக்கிறது, அடுத்தது பழிவாங்கல். எங்கள் சாவுகள் அவன் திருந்துவதற்கான செலவுக் கணக்கில் போய்விட்டன.

அதைவிடப் பெரிய வீணடிப்பு, வெளிநாட்டுக்குக் கள்ளமாக ஆட்களை அனுப்பும் தொழிலே படத்தில் இல்லாதது. குற்றப்படம் என்றால் குற்றம் எப்படி நடக்கிறது என்று காட்ட வேண்டாமா? கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். காணி உறுதி ஈட்டுக்குப் போகும், தாலிக்கொடி அடகுக்குப் போகும். காசு முழுவதையும் ஏஜென்சிக்காரனிடம் கொடுத்துவிட மாட்டார்கள். இரு பக்கமும் நம்பும் ஒருவரிடம் கட்டிவைப்பார்கள். பிள்ளை போய் இறங்கி, தன் வாயால் “வந்து சேர்ந்துவிட்டேன்” என்று சொன்னால்தான் மிச்சம் கைமாறும். அந்த நடுவாள் ஒருவரை வைத்தே முழுப்படம் எடுக்கலாம்.

பிள்ளை போய்ச் சேர்ந்தபின் ‘கேஸ்’, அதாவது அகதித் தஞ்சம் கேட்கும் வழக்கு, தொடங்கும். அப்போது ஓடுவது இங்கே இருக்கும் தாய். கிராம அலுவலரிடம் ஒரு கடிதம், சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, கோயில் ஐயரிடமோ பாதரிடமோ இன்னொரு கடிதம். பொலித்தீன் பைக்குள் மடிப்புக் கிழிந்த பிறப்புச் சான்றிதழ், போரில் தப்பிவந்தவர்களை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாமில் கொடுத்த பதிவுத் துண்டு. உண்மையாகவே அடிவாங்கியவனின் கதை கடிதங்கள் இல்லாததால் தோற்கும், நன்றாக எழுதிய பொய் வெல்லும். சிவதாஸ் போன்ற ஒருவன் இதில் யாருக்குக் கைகொடுப்பான், யாரைக் கைவிடுவான்? அந்தக் கேள்வி வருவதற்குள் அவனைக் கொன்றுவிட்டார்கள். சிவதாஸாக நடித்த ஜோஜு ஜார்ஜ் திரையில் இருக்கும்வரை படத்துக்கு ஒரு கனம் இருந்தது. பிறகு துப்பாக்கிகளும் சந்தோஷ் நாராயணன் இசையும்தான். (இசையில் குறை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

முடிவில் பீட்டரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் தள்ளிவிட்டு வருகிறார்கள். கைதட்ட வைக்கும் யோசனைதான். ஆனால் படம் வந்து சில மாதங்களிலேயே, 2021 அக்டோபரில், கனடா போகப் புறப்பட்ட ஈழத்தமிழர்களின் படகு நடுக்கடலில் பழுதாகி, அவர்கள் இந்து சமுத்திரத்தில் உள்ள டியேகோ கார்சியாத் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பிரித்தானியாவின் ஆட்சிக்குட்பட்ட, அமெரிக்கப் படைத்தளம் உள்ள தீவு. குழந்தைகளோடு கூடாரங்களில் கிடந்தார்கள். பெரும்பாலானோரை 2024 டிசம்பரில்தான் பிரித்தானியாவுக்கு எடுத்தார்கள். வில்லனுக்குக் கடைசி ஐந்து நிமிடத்தில் கொடுத்த தண்டனை, இவர்களுக்கு மூன்று வருட வாழ்க்கை. படம் அந்த இடத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

“எங்களைப் பற்றி ஒருவராவது பேசினாரே, அதிலும் குறை சொல்வதா?” என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். பேசியது சுருளியைப் பற்றி, தம்பிமாரே. நாங்கள் அவனுடைய முன்கதையில் வந்து போனோம்.