பிரையனுக்குக் கிடைத்த 15 டாலர்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் மோதிய கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் 1,300-க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. எந்தப் படைப்பிரிவு எங்கே நின்றது, எந்தத் தளபதி எங்கே விழுந்தார் என்று ஒவ்வொன்றுக்கும் கல் உண்டு. போகிறவர்களும் பீரங்கிப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அங்கே கட்டாயம் இறங்கிப் பார்க்க வேண்டியது ஹான்காக் அவென்யூ ஓரத்தில் இருக்கும் ஆபிரகாம் பிரையனின் வீட்டைத்தான்.

சின்ன வெள்ளை மரப்பலகை வீடு, பக்கத்தில் ஒரு தானியக் கொட்டகை. பிரையன் யாருக்கும் அடிமையாக இல்லாத கறுப்பின விவசாயி. 12 ஏக்கரில் கோதுமை விளைவித்தார், சின்னதாக ஒரு பழத்தோட்டமும் வைத்திருந்தார். 1863 ஜூனில் தெற்குத் தளபதி லீயின் படை, கெட்டிஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது, கண்ணில் பட்ட கறுப்பினத்தவரைப் பிடித்துத் தெற்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அடிமையா, சுதந்திரமானவரா என்றெல்லாம் பார்க்கவில்லை. போட்டது போட்டபடி பிரையன் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். ஜூலை 3-ஆம் தேதி நடந்த கடைசிப் பெருந்தாக்குதல் அவர் வீட்டு வாசல் வரை வந்தது.

திரும்பி வந்தபோது சுவரெல்லாம் குண்டு துளைத்த ஓட்டைகள். ஜன்னல்கள் நொறுங்கிக் கிடந்தன. பயிரும் தோட்டமும் நாசம். அரசிடம் 1,028 டாலர் நஷ்டஈடு கேட்டார். கிடைத்தது 15 டாலர். நூற்றுக்கு ஒன்றரை டாலர்கூட இல்லை!

காரணம் சட்டத்திலேயே இருந்தது. 1864-இல் வந்த சட்டப்படி, வடக்குப் படை தன் தேவைக்கு எடுத்துக்கொண்ட தீவனம், உணவு போன்றவற்றுக்குத்தான் பணம். சண்டையில் உடைந்ததற்கும் மிதிபட்டதற்கும் கிடையாது. அதாவது, உன் வைக்கோலைக் குதிரை தின்றிருந்தால் காசு உண்டு, உன் வயலில் இரண்டு படைகள் மோதியிருந்தால் அது உன் தலையெழுத்து. இதைப் படிக்கிறபோது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. போர் அங்கே நடந்தது மூன்று நாள். பிரையன் வீட்டைச் செப்பனிட்டு, மறுபடியும் உழுது, 1869-இல் நிலத்தை விற்றுவிட்டு, ஊருக்குள் ஒரு ஓட்டலில் வேலை பார்த்து, 1879-இல் இறந்தார். அந்தப் பதினாறு வருஷமும் போரின் கணக்கில்தானே சேரும்?

பாசில் பிக்ஸ் என்று இன்னொருவர். அவரும் கறுப்பினத்தவர், கால்நடை வைத்தியம் தெரிந்த குத்தகை விவசாயி. அவசரத்தில் புதைக்கப்பட்டிருந்த வடக்கு வீரர்களைத் தோண்டியெடுத்துத் தேசிய மயானத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலையை ஆட்களோடு செய்தார். உடலுக்கு 1.25 டாலர் கூலி. 1863 நவம்பர் 19 அன்று லிங்கன் வந்து அந்தப் புகழ்பெற்ற உரையை ஆற்றியபோது அந்த வேலை பாதிகூட முடிந்திருக்கவில்லை. சம்பாதித்த பணத்தில் பிக்ஸ் நிலம் வாங்கினார். ஜூலை 3 தாக்குதலின் இலக்காக இருந்ததென்று இன்று எல்லாரும் தேடிப்போய்ப் பார்க்கிற மரத்தோப்பு அவர் நிலத்தில்தான் இருந்தது. அவர் மரங்களை வெட்ட ஆரம்பித்தபோது, வரலாற்று ஆய்வாளர் ஜான் பேச்சல்டர் பேசித் தடுத்தார். விவசாயிக்கு அது விறகும் வேலிக்கம்பும். அதில் என்ன தப்பு?

அப்புறம், இவர்கள் இருவரும் அடக்கமான இடம் லிங்கன் மயானம். கறுப்பின மக்களே உண்டாக்கியது. வாசலில் பென்சில்வேனியா அரசின் நீலப் பலகை நிற்கிறது. வடக்குக்காகப் போரிட்ட சுமார் முப்பது கறுப்பின வீரர்கள் இங்கே இருப்பதையும், இனப்பாகுபாட்டால் தேசிய மயானத்தில் இடம் மறுக்கப்பட்டதையும் அது மழுப்பாமல் சொல்கிறது. பலகை என்றால் இப்படி இருக்க வேண்டும். பிரையன் வீட்டு முன்பும் அந்த 1,028-ஐயும் 15-ஐயும், சாலையில் போகிறவர் கண்ணில் படுகிற அளவுக்குப் பெரிதாகப் போட வேண்டும்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் லிங்கன் மயானம் இருக்கும் லாங் லேன் தெருவுக்கும் ஒரு எட்டுப் போய்வாருங்கள். ஊருக்குள்தான் இருக்கிறது.