காணிக்கைப் பெட்டியில் போடக்கூடாத பணம்

"கடவுளே என்னை மன்னித்துவிட்டார். அப்புறம் அந்த ஆளிடம் போய் நான் எதற்குத் தலைகுனிய வேண்டும்?" சபைகளில் பலர் இப்படிக் கேட்கிறார்கள், அதுவும் கண்ணீரோடு ஜெபித்து முடித்த கையோடு. கேட்க பக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் அநியாயம் செய்தவன் கர்த்தரிடம் வருகிற வழி அந்த ஆளின் வாசல் வழியாகத்தான் போகிறது என்று வேதாகமம் பல இடங்களில் பச்சையாகச் சொல்கிறது.

லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் நம்பி ஒப்படைத்ததை இல்லையென்று மறுப்பது, பறிப்பது, ஏமாற்றுவது, கண்டெடுத்த பொருளைக் காணவே இல்லை என்பது, பொய்யாணை இடுவது என்று குற்றங்களின் பட்டியல் வருகிறது. இவற்றில் எதைச் செய்தவனும் முதலை முழுசாகத் திருப்பித் தர வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். 100 எடுத்தவன் 120 கொடுக்க வேண்டும். எப்போது? குற்றநிவாரண பலியைக் கொண்டுவரும் அதே நாளில். ஆட்டுக்கடாவும் ஆசாரியனும் பாவநிவிர்த்தியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் இன்னும் இரண்டைச் சேர்க்கிறது. செய்ததை வாயால் அறிக்கையிட வேண்டும். பாதிக்கப்பட்டவனும் இல்லை, அவன் சார்பாக வாங்கிக்கொள்ள நெருங்கிய உறவினனும் இல்லை என்றால் அந்தத் தொகை கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் போக வேண்டும். அந்தக் கடைசி நிலையில்தான் ஆலயம் கணக்கிலேயே வருகிறது!

நம்மிடம் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. ஏமாற்றிச் சேர்த்ததில் ஒரு பங்கைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு மனச்சாட்சியைத் தூங்கவைக்கிறோம். உரியவன் உயிரோடு இருக்கிறான், முகவரியும் தெரியும் என்றால் அது காணிக்கையே ஆகாது, அடுத்தவன் பணத்தில் நாம் காட்டுகிற தாராளம். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் "கொர்பான்" என்று சொல்லித் தேவனுக்கு நேர்ந்துவிட்டவர்களை இயேசு எப்படிச் சாடினார் என்று மாற்கு 7-இல் பாருங்கள். மத்தேயு 5:23, 24-லும் அதே வரிசைதான். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போ, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து.

அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்ன வரி வசூலிப்பவன் சகேயுவின் கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டுவிடுவதால் அதிலுள்ள கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. யாத்திராகமம் 22-இன்படி, திருடிய ஆட்டை அறுத்தோ விற்றோ பிடிபட்டவன் ஒன்றுக்கு நான்கு கொடுக்க வேண்டும், மாடென்றால் ஐந்து. திருடியது உயிரோடு கையில் இருந்தால் இரட்டிப்பு. தானாக வந்து ஒப்புக்கொள்கிறவனுக்கோ, மேலே பார்த்தபடி, ஐந்தில் ஒரு பங்குதான் கூடுதல். தானாக வருகிறவனுக்கு நியாயப்பிரமாணம் அவ்வளவு இறக்கம் காட்டுகிறது. சகேயு தானாகத்தான் எழுந்து நின்றான், ஆனாலும் பிடிபட்ட திருடனின் அளவையே தனக்கு வைத்துக்கொண்டான். அதுவும் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்திலிருந்து நாலத்தனை! சொத்து 100 என்றால் 50 போய்விட்டது. மீதி 50-இல் நான்கு மடங்கு தர வேண்டுமானால், அவன் ஏமாற்றி வாங்கியது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டினாலே கையில் ஒன்றும் மிஞ்சாது. தெரிந்தேதான் சொன்னான் என்றே நான் படிக்கிறேன்.

இங்கே ஒரு மறுப்பு வரும், வரவும் வேண்டும்: "இது கிரியையினால் இரட்சிப்பு ஆகாதா?" ஆகாது. சகேயு ஒரு காசும் எடுத்து வைப்பதற்கு முன்பே இயேசு அவன் வீட்டில் தங்க வந்துவிட்டார். பணம் கொடுத்து அவன் கிருபையை வாங்கவில்லை, கிருபை வந்ததால் கை திறந்தது. இந்த விஷயத்தில் சபைப் பிரிவுகளுக்குள் நாம் நினைக்கிற அளவு தூரமும் இல்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவனின் மனந்திரும்புதல் வெறும் பாவனை என்று அகுஸ்தீன் தன் 153-ஆவது கடிதத்தில் எழுதினார். பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறது, பாவம் உண்டாக்கிய சீர்கேட்டை எல்லாம் அது சரிசெய்துவிடுவதில்லை என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 1459. திருடிய பொருளைத் திருப்புவதும், அவதூறுக்கு ஆளானவரின் நற்பெயரை மீட்பதும், காயத்துக்கு ஈடு தருவதும் அங்கேயே வருகின்றன. "எல்லாம் உள்ளத்தில்தான்" என்று லூத்தரைத் துணைக்கு அழைக்கிறவர்கள் 1517-இல் அவர் எழுதிய 95 கோட்பாடுகளில் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். விசுவாசியின் முழு வாழ்க்கையும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது அது. வெளியே ஒன்றையும் விளைவிக்காத உள்ளான மனந்திரும்புதல் ஒன்றுமே இல்லை என்பது மூன்றாவது.

சரி, செய்வது எப்படி? பணத்திலிருந்து தொடங்குவோம், அதுதான் இருப்பதில் எளிது. முதலில் எழுதுங்கள்: யாரிடம், எதை, எவ்வளவு, எந்த ஆண்டு. மனதுக்குள் கணக்குப் போட்டால் தொகை தானாகச் சுருங்கிவிடும். சரியான தொகை நினைவில்லை என்றால் சந்தேகத்தின் பலனை எதிராளிக்குக் கொடுங்கள். உரியவர் இறந்திருந்தால் வாரிசுகளுக்கு. யாரென்றே கண்டுபிடிக்க வழியில்லாதபோது மட்டும் ஏழைகளுக்கு. வேலை பார்த்த இடத்தில் எடுத்திருந்தால் அந்த நிறுவனத்துக்கு, வரி ஏய்த்திருந்தால் அரசுக்கு, கூலியைக் குறைத்திருந்தால் அந்த வேலையாளுக்கு. கடைசியாகச் சொன்னதைத்தான் நல்ல விசுவாசிகளும் பாவக் கணக்கில் சேர்ப்பதில்லை, யாக்கோபு 5:4 சேர்க்கிறது. மொத்தமாகத் தர முடியாதவர் தவணை சொல்லலாம். தவணைக்குத் தேதி வேண்டும், தொகை சின்னதாக இருந்தாலும் தவறாமல் போய்ச் சேர வேண்டும். பெரிய தொகையாகச் சொல்லிவிட்டு இரண்டாம் மாதமே தவறினால் பழைய குற்றத்தின் மேல் புதுப் பொய்யும் ஏறிக்கொள்ளும். இதற்காக வட்டிக்குக் கடன் வாங்கி உங்கள் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தாதீர்கள், அது இன்னொருவருக்குச் செய்யும் அநியாயம்.

வார்த்தைக்கு வருவோம். ராஜாக்களான சவுலும் தாவீதும் "பாவஞ்செய்தேன்" என்று ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். ஆனால் 1 சாமுவேல் 15-இல் சவுல் அந்தச் சொல்லின் வால்பிடித்தே, ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்கிறான். கொஞ்ச நேரத்தில் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்றும் கேட்கிறான். குற்றத்தில் பங்காளி தேடினான், கூடவே மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தான். 2 சாமுவேல் 12-இல் தாவீது சொன்னது ஒரே வரி, காரணம் ஒன்றும் சொல்லவில்லை. நம் மன்னிப்புகளில் பெரும்பாலானவை சவுலின் சாயலில்தான் இருக்கின்றன. "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்பதிலுள்ள "இருந்தால்" குற்றத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. "ஆனால் நீங்களும்" என்று தொடங்கினால் அது வழக்காடுவது. செய்ததை அதன் பெயராலேயே சொல்லுங்கள், அதனால் அவருக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லுங்கள், எதை எப்போது சரிசெய்வீர்கள் என்று சொல்லுங்கள், பிறகு கிளம்பிவிடுங்கள். "மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள்" என்று உட்கார்ந்திருப்பது வசூல். மன்னிக்க அவருக்குக் காலம் வேண்டும். மன்னித்தாலும் பழைய நெருக்கத்தைத் தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. தாவீதுக்கே, கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார் என்ற வார்த்தையும், பட்டயம் உன் வீட்டை விட்டு விலகாது என்ற வார்த்தையும் ஒரே உரையாடலில்தான் கிடைத்தன.

"தேவரீர் ஒருவருக்கே விரோதமாகப் பாவஞ்செய்தேன்" என்ற 51-ஆம் சங்கீத வரியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்று: தாவீது அதைச் சொன்னபோது, அவன் மனைவியைப் பறித்துக் கொல்லவைத்த உரியா கல்லறையில் இருந்தான். உங்கள் உரியா உயிரோடு இருந்தால் அந்த வரிக்குள் போய் ஒளிந்துகொள்ளாதீர்கள்.

பணத்தைவிடக் கடினம் நாக்கு கெடுத்தது. ஒருவரைப் பற்றிப் பொய்யாகப் பேசியிருந்தால் அவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்பது பாதி வேலை. யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமெல்லாம் போய் "நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பரப்பியதை அதே குழுவில்தான் மறுக்க வேண்டும், தனிச்செய்தி போதாது. சொன்னது உண்மையாகவே இருந்து, வெளியே சொல்லத் தேவையில்லாததாக இருந்தால் பொய் என்று மறுக்கவும் முடியாது. அவர் மரியாதையை மீட்க வேறு நியாயமான வழியைத்தான் தேட வேண்டும். எல்லாவற்றையும் திருப்பி அள்ளிவிட முடியாது என்பதும் உண்மை. முடிந்ததைச் செய்யாமல் இருக்க அதைச் சாக்காக்காமல் இருந்தால் சரி.

ஒப்புக்கொள்ளப் போவதே தீங்காகும் இடங்களும் உண்டு. குடிப்பழக்கத்திலிருந்து மீள முயல்கிறவர்களின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின், 1939-இல் அச்சான 12 படிகள் கிறிஸ்தவ எழுப்புதல் இயக்கமான ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் பழக்கங்களிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டவை. எட்டாம் படி, தீங்கிழைத்தவர்களின் பட்டியலை எழுதுவது. ஒன்பதாம் படி, நேரில் ஈடுசெய்வது, ஆனால் அது அவர்களையோ மற்றவர்களையோ காயப்படுத்தும் என்றால் வேண்டாம். அந்த விதிவிலக்கு அனுபவசாலிகள் எழுதியது. ஒருவருக்குத் தெரியவே தெரியாமல் மனதுக்குள் அவர்மேல் வைத்திருந்த வெறுப்பையும் இச்சையையும் அவரிடமே போய்க் கொட்டினால் உங்கள் பாரம் இறங்கும், அவர் தலையில் ஏறும். அது தேவனிடமும், நம்பத்தகுந்த ஆவிக்குரிய வழிகாட்டி ஒருவரிடமும் சொல்ல வேண்டியது. மேடைச் சாட்சியிலும் இதே ஆபத்து இருக்கிறது. உங்கள் பழைய பாவத்தில் இன்னொருவரும் இருந்தால் அந்தக் கதையில் பாதி அவருடையது, சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. அதே நேரம் "அவர்கள் காயப்படுவார்களே" என்பது கோழையின் வசதியான சாக்காகவும் ஆகிவிடும், அதனால் இதைத் தனியாக முடிவெடுக்காமல் இருப்பது நல்லது.

பாலியல் வன்முறையும் குழந்தைகள்மேல் நடக்கும் கொடுமையும் இந்த முறைகளுக்குள் வரவே வராது. அங்கே மனந்திரும்புதல் என்றால் காவல்துறை முன் தானாகப் போய் நிற்பதும் தண்டனையை ஏற்பதும்தான். பாதிக்கப்பட்டவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பது இரண்டாம் தாக்குதல். "அவர் கண்ணீர்விட்டு அழுதார்" என்று அதே ஊழியத்தில் திரும்ப உட்காரவைக்கும் சபை அந்தக் குற்றத்தில் பங்கு வாங்குகிறது.

மாற்றம் நிஜமா என்று எப்படித் தெரியும்? எபேசியர் 4:28 திருடனுக்கு மூன்று படி வைக்கிறது: திருடாதே, கைகளால் உழை, குறைச்சலுள்ளவனுக்குக் கொடு. முதல் படியில் நிற்பவன் பிடிபடாத பழைய திருடனாகக்கூட இருக்கலாம். யோசேப்பை விற்கலாம் என்று யோசனை சொன்னவன் அவன் அண்ணன் யூதா. யோசேப்புக்கு அப்போது வயது 17. அவன் 39 வயதில் எகிப்தின் அதிபதியாக உட்கார்ந்து, தந்தைக்குப் பிரியமான இன்னொரு இளைய மகனைப் பிடித்துவைத்தபோது, அவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னே வந்தவனும் யூதாதான். ஏறக்குறைய 22 ஆண்டுகள். யோசேப்பு முதல் சந்திப்பிலேயே தன்னை வெளிப்படுத்தவில்லை, பழைய சூழ்நிலையைத் திரும்ப உண்டாக்கிப் பார்த்துவிட்டுத்தான் சகோதரர்கள் முன்னால் வாய்விட்டு அழுதான். மன்னிக்கிற மனமும் சோதித்துப் பார்க்கிற புத்தியும் ஒரே ஆளிடம் இருக்கலாம். மூன்று நாள் முகாமில் மாறிவந்தவரிடம் பணப்பெட்டிச் சாவியை உடனே கொடுக்காதது அன்பில்லாமை ஆகாது.

கடைசியாகச் சபைக்கு. யூதாஸ் 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுவந்தான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாயால் சொன்னான். அவன் போனது கூட்டாளிகளிடம். ஆனாலும் அவர்கள் பிரதான ஆசாரியர்கள், மக்களின் பாவத்துக்காகப் பலியிடுவதே வேலையாக உள்ளவர்கள். அவர்கள் சொன்ன பதில், "எங்களுக்கென்ன, அது உன்பாடு". அவன் போய் நான்றுகொண்டு செத்தான். அவர்களோ அந்தக் காசைக் காணிக்கைப்பெட்டியில் போடக்கூடாது என்று சொல்லி, அதை வைத்து என்ன செய்வது என்று ஆலோசித்தார்கள். ஒருவர் வந்து தன் குற்றத்தைச் சொல்லும்போது அவரோடு உட்கார்ந்து பட்டியல் எழுதவும், தொகையைக் கணக்குப் பார்க்கவும், முதல் தவணை கொடுக்கப் போகும் நாளில் கூடவே நடக்கவும் ஒவ்வொரு சபையிலும் இரண்டு பேராவது வேண்டும். அவன் பட்ட கடனை என் கணக்கில் வை என்று அடிமை ஒநேசிமுவுக்காக அவன் எஜமான் பிலேமோனுக்கு எழுதியபோது பவுல் சிறையில் இருந்தார்.